சூரரைப் போற்று படம் முடிந்த பிறகு என்ன ஆச்சு? சின்ன ஊர்களின் விமானக் கதை

(அம்பத்தூர் தொழிற்பேட்டைத் தோழர்களின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம்.)

ஷிப்ட் முடிஞ்சு நேரா வந்து உட்கார்ந்திருக்கீங்க. ஒன்பது மணிக்குள்ள முடிச்சிடறேன்.

பூந்தமல்லி, மாங்காடு, குன்றத்தூர் பக்கம் குடியிருக்கிறவங்க வீட்டு மொட்டை மாடியில நின்னு பார்த்திருப்பீங்க. மீனம்பாக்கத்துல இறங்குற விமானம் தலைக்கு மேல தாழ்ந்து போகும். அதுல பத்துக்கு ஒன்பது பெரிய ஜெட். எப்பவாவது ஒண்ணு வேற மாதிரி சத்தத்தோட போகும். இறக்கை உடம்புக்கு மேல இருக்கும், ரெண்டு பக்கமும் விசிறி சுத்தும். அதுதான் ஏ.டி.ஆர். ஏறக்குறைய எழுபது சீட். சின்ன ஊருக்குப் போற விமானம். இன்னைக்கு அந்தச் சின்ன விமானத்தைப் பத்தித்தான் பேசப் போறேன்.

விமானத்தைப் பத்தித் தொழிலாளர் கூட்டத்துல என்ன பேச்சுன்னு சிலருக்குத் தோணும். எனக்கு ஒரு காரணம் இருக்கு. எங்க ஊர் ஓமலூர் பக்கம். காமலாபுரத்துல சேலம் விமான நிலையம் இருக்கே, அதுல இருந்து எங்க வீடு சைக்கிள் மிதிக்கிற தூரம். 2013-ல ஒரு ராத்திரி அப்பாவுக்கு ரொம்ப முடியலைன்னு போன் வந்தது. பூந்தமல்லி பைபாஸ்ல நின்னு கிடைச்ச பஸ்ஸுல ஏறினேன். வேலூர், கிருஷ்ணகிரி வழியா ஊர் போய்ச் சேரும்போது விடிஞ்சிருந்தது. வாசல்ல பந்தல் போட்டுக்கிட்டு இருந்தாங்க. அந்தப் பஸ் கடைசியில விமான நிலையத்தைத் தாண்டித்தான் போச்சு. ஓடுதளம் இருந்தது, கட்டடம் இருந்தது. அந்த வருஷம் அங்கே பயணிகள் விமானம் ஒண்ணுகூடக் கிடையாது. இருந்திருந்தா நான் டிக்கெட் வாங்கியிருப்பேனான்னு கேட்டா, உண்மையைச் சொல்றேன், தெரியாது. ஆனா ஊர்க்காரன் நிலத்துல கட்டின நிலையம் ஏன் காலியாக் கிடந்ததுங்கிற கேள்வி அன்னைக்கு மனசுல விழுந்தது. அதைத் தேடிப் படிச்சதைத்தான் உங்க முன்னாடி வைக்கிறேன்.

2020-ல், கொரோனா காலத்துல, வீட்டுல உட்கார்ந்து ‘சூரரைப் போற்று’ பார்த்தோம். அப்பாவைக் கடைசியாப் பார்க்க விமான டிக்கெட்டுக்குக் காசு இல்லாம, விமான நிலையத்துல கையேந்துற காட்சி இருக்கே, அதைப் பார்க்க முடியாம நான் எழுந்து போயிட்டேன். அந்தக் கதைக்கு அடிப்படை கேப்டன் ஜி.ஆர். கோபிநாத்தின் வாழ்க்கை. கர்நாடகத்துல ஹாசன் மாவட்டம் கோரூர்க்காரர். ராணுவத்துல இருந்து வந்து விவசாயம் பார்த்தவர். 1997-ல ஹெலிகாப்டர் கம்பெனி, 2003-ல ஏர் டெக்கான். நம்ம ஆர்.கே. லட்சுமணன் வரைஞ்ச சாமானிய மனிதனைத்தான் அந்தக் கம்பெனி தன் முகமா வெச்சுக்கிட்டது. ஒரு ரூபாய் டிக்கெட்டுன்னு நாடே பேசிச்சு. ஹூப்ளி, விஜயவாடான்னு அதுவரைக்கும் பெரிய கம்பெனிங்க எட்டிப் பார்க்காத ஊருக்கெல்லாம் ஏ.டி.ஆர். பறந்தது. 2006-ல தூத்துக்குடிக்கும் வந்தது.

படம் அங்கே முடியுது. கைதட்டிட்டோம். நிஜத்துல அடுத்த வருஷமே, 2007-ல, ஏர் டெக்கானோட பெரும் பங்கு கிங்ஃபிஷர் கைக்குப் போச்சு. 2012-ல கிங்ஃபிஷரே தரையிறங்கிடுச்சு. இது கோபிநாத்தின் குற்றம்னு நான் சொல்ல வரல. அவரோட நோக்கம் நல்ல நோக்கம். ஆனா சின்ன ஊருக்கு விமானம் விடுற வேலையில அவருக்கு முன்னாடியும் ஆள் இருந்தாங்க, பின்னாடியும் வந்தாங்க. முன்னாடி வந்தது அரசாங்கமே நடத்தின கம்பெனி. அதைப் பத்தி யாரும் படம் எடுக்கல.

அதோட பேர் வாயுதூத். காற்றின் தூதன்னு அர்த்தம். 1981 ஜனவரியில தொடங்கினாங்க. ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்ஸும் சேர்ந்து பெத்த பிள்ளை. நோக்கம் ரொம்பத் தெளிவானது: வடகிழக்கு மாநிலங்கள். அருணாசலப் பிரதேசத்துல ஒரு மலைக்கிராமத்துல இருந்து குவாஹாத்தி ஆஸ்பத்திரிக்கு வரணும்னா அந்தக் காலத்துல ரோடு, படகு, மறுபடி ரோடுன்னு நாள் கணக்காகும். மழைக்காலத்துல அதுவும் கிடையாது. பாசிகாட், தேஜு, ஜிரோ மாதிரி ஊர்களுக்கு வாயுதூத் போச்சு. முதல்ல அண்ணன் கம்பெனியோட பழைய ஃபாக்கர் விமானங்கள். 1984 வாக்குல டோர்னியர் 228 வந்தது. பத்தொன்பது பேர் உட்கார்ற விமானம். குட்டையான ஓடுதளம் போதும். ஜெர்மனிக்காரன் வடிவமைச்சது, அப்புறம் உரிமம் வாங்கி நம்ம எச்.ஏ.எல். கான்பூர்ல செய்ய ஆரம்பிச்சாங்க. இங்கே லேத்துல, மில்லிங் மெஷின்ல நிக்கிறவங்களுக்கு இது புரியும். அரசு கம்பெனி பறக்குது, அரசு தொழிற்சாலை விமானம் செய்யுது, ஆர்டர் உள்நாட்டுலயே சுத்துது.

அப்புறம் என்ன ஆச்சு? நல்லா ஓடுதுன்னு தெரிஞ்சதும் டெல்லியில ஆளாளுக்கு ‘என் தொகுதிக்கும் ஒரு விமானம்’னு நிக்க ஆரம்பிச்சாங்க. நம்ம அரசியல்வாதிங்க பழக்கம்தான், ரயில் நிறுத்தம் கேட்கிற மாதிரி. எண்பதுகளின் கடைசியில வாயுதூத் நாடு முழுக்கச் சுமார் நூறு ஊரைத் தொட்டது. தமிழ்நாட்டுலயும் வந்தது. நெய்வேலிக்கு வந்தது, தஞ்சாவூருக்கு வந்தது. பக்கத்துல பாண்டிச்சேரிக்கும் போச்சு. நெய்வேலியில வேலை பார்த்த பெரியவங்க இங்கே யாராவது இருந்தா ஞாபகம் இருக்கும்.

இப்போ கணக்கைப் பார்ப்போம். நூத்தி எண்பது சீட் ஜெட்டுக்கு ரெண்டு பைலட். பத்தொன்பது சீட் டோர்னியருக்கும் ரெண்டு பைலட். ரெண்டு இடத்துலயும் தீயணைப்பு வண்டி நிக்கணும், கட்டுப்பாட்டுக் கோபுரத்துல ஆள் உட்காரணும், பாதுகாப்புக்குப் போலீஸ் வேணும். எரிபொருள் விலை ஒண்ணுதான். அந்தச் செலவை நூத்தி எண்பது பேர் பங்கு போடுறதுக்கும் பத்தொன்பது பேர் பங்கு போடுறதுக்கும் வித்தியாசம் இருக்கில்லையா? அந்தப் பத்தொன்பதுலயும் பாதி காலி. டிக்கெட் விலையைச் செலவுக்குத் தக்க ஏத்தினா யாரும் ஏற மாட்டாங்க. ஏத்தலேன்னா நஷ்டம். இதுல திருட்டும் இல்ல, மர்மமும் இல்ல. காலி சீட்டுக்கு யார் காசு கொடுக்கிறதுன்னு முதல் நாளே முடிவு பண்ணாம நூறு ஊருக்கு விமானம் விட்டாங்க. அவ்வளவுதான்.

அதோட விபத்தும் சேர்ந்தது. 1988 அக்டோபர் 19. குவாஹாத்தியில இறங்க வந்த வாயுதூத் ஃபாக்கர் விழுந்து 34 பேரும் இறந்தாங்க. அதே நாள் காலையிலதான் அகமதாபாத்துல இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம் விழுந்திருந்தது. அடுத்த வருஷம் புனேயில இருந்து கிளம்பின டோர்னியர் ஒண்ணு நீர்த்தேக்கத்துல விழுந்து 11 பேர் போனாங்க. இதை நாம மறைக்கக் கூடாது. பொதுத்துறைங்கிறதுக்காகப் பாராட்டிட்டுப் போற ஆளில்ல நான். அவசரமா விரிச்ச வலையில பராமரிப்பும் பயிற்சியும் ஈடு கொடுக்கணும். கொடுக்காட்டி உயிர் போகும்.

1993-ல வாயுதூத்தை இந்தியன் ஏர்லைன்ஸோட இணைக்க முடிவாச்சு. தொழிலாளிகளைத் தாய்க் கம்பெனிகளுக்குப் பிரிச்சு அனுப்பினாங்க. பாசிகாட்டுக்கு விமானம் நின்னது. மறுபடி ஒரு பயணிகள் விமானம் அங்கே போய் இறங்கினது எப்போ தெரியுமா? 2018-ல. இடையில ஒரு தலைமுறையே வளர்ந்து பெரிசாயிடுச்சு.

தொண்ணூறுகள்ல வானம் தனியாருக்குத் திறந்தது. அரசு 1994-ல ஒரு விதி போட்டுச்சு, நல்ல விதி. டெல்லி–மும்பை மாதிரி காசு கொழிக்கிற தடத்துல நீ எவ்வளவு பறக்கிறியோ, அதுல பத்து சதவீதம் அளவுக்கு வடகிழக்கு, காஷ்மீர், அந்தமான், லட்சத்தீவுப் பக்கமும் பறக்கணும்னு. நம்ம அரசு பஸ் நடக்கிற விதம்தான் இது. கூட்டம் பிதுங்குற தடத்துல வர்ற காசுலதான் கடைக்கோடி கிராமத்துல ராத்திரி தங்கி விடியக்காலைல கிளம்புற பஸ்ஸும் ஓடுது. அந்தக் கிராமத்துப் பஸ்ஸுல லாபம் வருதான்னு கேட்டிருந்தா இங்கே பாதிப் பேர் ஐ.டி.ஐ. படிச்சிருக்க மாட்டீங்க.

சென்னையிலயும் கம்பெனிங்க முளைச்சது. காத்தாலை விக்கிற என்.இ.பி.சி. குழுமம் ஃபாக்கர் விமானங்களை வெச்சுத் தென்னிந்தியச் சின்ன ஊர்களுக்குப் பறந்தது. எங்க சேலத்துக்கு முதல்ல வந்தது அதுதான். சின்னப் பையனா இருந்தப்போ அதோட சத்தம் கேட்டா வகுப்புல இருந்து எட்டிப் பார்ப்போம், வாத்தியார் அடிப்பார். 1997-ல என்.இ.பி.சி. பறக்கிறதை நிறுத்திடுச்சு. பாரமவுண்ட் 2005-ல வந்து 2010-ல போச்சு. கோவையில ஏர் கார்னிவல் 2016-ல வந்து முழுசா ஒரு வருஷம்கூடத் தாங்கல. நடுவுல கிங்ஃபிஷர் 2009-ல சேலத்துக்கு வந்தது, கொஞ்ச காலத்துல போயிடுச்சு. அப்புறம்தான் நான் சொன்ன அந்த 2013 ராத்திரி.

அடுத்து உடான். செருப்புப் போட்ட சாமானியனும் விமானத்துல பறக்கணும்னு பிரதமர் பேசினது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். 2016 அக்டோபர்ல திட்டம், 2017 ஏப்ரல்ல முதல் விமானம், சிம்லா–டெல்லி. திட்டத்தோட எலும்புக்கூடு நல்லதுதான், அதை ஒத்துக்கணும். சுமார் ஒரு மணி நேரப் பயணத்துக்கு 2,500 ரூபாய்னு பாதி சீட்டுக்கு உச்சவரம்பு. நஷ்டத்தை ஈடுகட்ட மானியம். அதுக்குப் பணம்? பெரிய தடத்துல பறக்கிற விமானங்கள் மேல ஒரு தீர்வை. மாநிலங்கள் தங்கள் பங்கா இருபது சதவீதம். விமான எரிபொருள் வாட் வரியையும் அந்தச் சின்ன நிலையங்கள்ல ஒரு சதவீதமாக் குறைக்கணும். தமிழ்நாட்டுல பொதுவா அந்த வரி பல வருஷம் 29 சதவீதமா இருந்தது, அதனால இது சின்ன சலுகை இல்ல.

ஆனா மானியம் ஒரு தடத்துக்கு மூணு வருஷம்தான். மூணு வருஷத்துல அந்த ஊர் சொந்தக் கால்ல நிக்கணுமாம்.

முதல் சுற்றுல, 2017 மார்ச்ல, 128 தடங்களை அஞ்சு கம்பெனிக்குக் கொடுத்தாங்க. யாருக்கு எத்தனைன்னு பாருங்க. அரசோட அலையன்ஸ் ஏருக்கு 15. ஸ்பைஸ்ஜெட்டுக்கு 11. ஹைதராபாத் ட்ரூஜெட்டுக்கு 18. ஏர் ஒடிசான்னு ஒரு சின்னக் கம்பெனிக்கு 50. மறுபடி உயிர் பெற்ற ஏர் டெக்கானுக்கு 34. மூணுல ரெண்டு பங்கு தடம் ரெண்டு குட்டிக் கம்பெனி கையில! விமானமும் பைலட்டும் எங்கே இருந்து வரும்னு யாராவது கேட்டாங்களா? நெய்வேலியும் அந்தப் பட்டியல்ல இருந்தது. ஏர் ஒடிசா பறக்கணும். ஓடுதளத்தைச் சரி பண்ணினாங்க. விமானம் வரல. 2018 முடியறதுக்குள்ள அந்த ரெண்டு கம்பெனியோட தடங்களையும் ரத்து பண்ண வேண்டி வந்தது.

2023-ல சி.ஏ.ஜி. அறிக்கை வந்தது. இதை நம்ம சொந்தக் கணக்குன்னு யாரும் சொல்ல முடியாது. உடான் மூணாம் சுற்று வரைக்கும் கொடுத்த தடங்கள் 774. அதுல 403 தடத்துல விமானம் கிளம்பவே இல்ல. கிளம்பினது 371. மூணு வருஷம் முழுசா ஓடினது 112. மானியம் நின்ன பிறகும் 2023 மார்ச் வரைக்கும் ஓடிக்கிட்டு இருந்தது 54. நூறு தடத்துக்கு ஏழு.

சேலம் இதுல எங்கே வருது? 2018 மார்ச் 25-ல ட்ரூஜெட் சென்னையில இருந்து வந்தது. எங்க ஊர்ல பெரியவங்க, சின்னவங்க எல்லாம் வேலி ஓரமா நின்னு பார்த்தாங்க. நல்லாவே ஓடிச்சு. சீட் நிறைஞ்சது. வெள்ளிக் கொலுசு வியாபாரி, ஜவுளிக்காரர், மருத்துவம் பார்க்கப் போறவங்கன்னு ஏறினாங்க. ஊர்ல ஆள் இல்லாம அது நிக்கல. கொரோனா வந்தது, கம்பெனிக்குள்ள பணம் வத்திச்சு, 2022 தொடக்கத்துல ட்ரூஜெட்டே மூடியாச்சு. 2023 அக்டோபர்ல இண்டிகோவும் அலையன்ஸ் ஏரும் வந்த பிறகுதான் மறுபடி சத்தம் கேட்டது. ஒரே ஊர், முப்பது வருஷத்துல கம்பெனி மாத்தி கம்பெனி வந்து, ஒவ்வொண்ணும் போனதும் நிலையம் காலி.

இன்னொண்ணும் சொல்லணும். 2018-ல அதே நிலையத்தை விரிக்க 570 ஏக்கர் வேணும்னு காமலாபுரம், பொட்டியபுரம், தும்பிபாடி, சிக்கனம்பட்டி நாலு ஊர் நிலத்தை அளக்க வந்தாங்க. மக்கள் நடு வயல்ல உட்கார்ந்து அழுதாங்க. நிலம் கேட்கிறப்போ அது நிரந்தரம். விமானம் விடறப்போ மட்டும் மூணு வருஷம். (பரந்தூர், ஏகனாபுரம் பத்தி ஒரு தோழர் சீட்டு அனுப்பியிருக்கார். அதுக்குத் தனியா ஒரு கூட்டம் வேணும், இதோட சேர்த்துக் குழப்ப வேண்டாம்.)

வெளிநாட்டுல என்ன செய்றாங்க? ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னி தீவுகள். அங்கே வெஸ்ட்ரே, பாப்பா வெஸ்ட்ரேன்னு ரெண்டு குட்டித் தீவு. இடையில மூணு கிலோமீட்டர்கூட இல்ல. லோகன்ஏர்ங்கிற கம்பெனி 1967-ல இருந்து அங்கே விமானம் விடுது. ரெண்டு நிமிஷப் பயணம், நாம அம்பத்தூர் ஓ.டி.யில இருந்து எஸ்டேட் வர்றதுக்குள்ள அவன் போயிட்டுத் திரும்பிடுவான். அதுல டீச்சர் போறாங்க, டாக்டர் போறார், நோயாளி வர்றார். உள்ளாட்சி காசு கொடுக்குது. நார்வேயில வைடரோன்னு ஒரு கம்பெனி. வடக்குக் கடற்கரையில எண்ணூறு மீட்டர் ஓடுதளம் உள்ள சின்னச் சின்ன ஊர். இந்த ஊருக்குத் தினம் இத்தனை முறை வரணும்னு அரசு ஒப்பந்தம் போட்டுக் காசு கொடுக்குது. அமெரிக்காவையே எடுத்துக்குங்க, சந்தை சந்தைன்னு நமக்குப் பாடம் நடத்துற நாடு. 1978-ல விமானத் தொழிலைக் கட்டுப்பாட்டுல இருந்து அவிழ்த்து விட்டப்போ, சின்ன ஊர்கள் கைவிடப்படும்னு பயந்து ஒரு மானியத் திட்டம் வெச்சாங்க. பத்து வருஷத்துக்குன்னு ஆரம்பிச்சது, இன்னைக்கும் ஓடிக்கிட்டு இருக்கு. பத்து வருஷத்துல அந்த ஊர்கள் பெரிய ஊரா மாறிடலன்னு அவங்களுக்குப் புரிஞ்சிடுச்சு.

எல்லா ஊருக்கும் விமானம் வேணும்னு நான் கேட்கல. தஞ்சாவூருக்குப் பக்கத்துலயே திருச்சி இருக்கு. வேகமான ரயில் விட்டா போதும்னு சொல்றவங்க பேச்சுல நியாயம் இருக்கு. நெய்வேலிக்கும் அதே கேள்வி உண்டு. ஆனா பாசிகாட்டுக்கோ, லட்சத்தீவு அகத்திக்கோ அந்தப் பதில் செல்லாது. எந்த ஊருக்கு ரயில், எந்த ஊருக்கு விமானம்னு முதல்ல பிரிக்கணும். பிரிச்ச பிறகு, விமானம்னு முடிவான ஊருக்கு நின்னு ஓடணும். தூத்துக்குடியைப் பாருங்க. சின்ன விமானம் ஒரு கம்பெனி போனாலும் இன்னொண்ணுன்னு வந்துக்கிட்டே இருந்தது. துறைமுகம் இருந்தது, வியாபாரம் இருந்தது. 2025 ஜூலைல அங்கே பெரிய முனையமே திறந்தாங்க. விட்டு விட்டு வந்திருந்தா அது நடந்திருக்குமா?

கடைசியா அந்த டோர்னியர் கதை. 2022 ஜனவரி 27-ல ஏர் இந்தியாவை டாடாகிட்ட கொடுத்தாச்சு. அந்த விற்பனையில சேராம அரசு கையில மிஞ்சினது அலையன்ஸ் ஏர். அதே வருஷம் ஏப்ரல் 12-ல அலையன்ஸ் ஏரோட ஒரு விமானம் திப்ருகர்ல இருந்து பாசிகாட் போச்சு. பதினேழு சீட். எச்.ஏ.எல். கான்பூர்ல செஞ்ச டோர்னியர் 228. வாயுதூத் ஓட்டின அதே ரகம், அதே ஊர். முப்பது வருஷம் சுத்தி வந்து அதே இடத்துல நிக்கிறோம். அலையன்ஸ் ஏரையும் விக்கணும்னு பேச்சு வந்துக்கிட்டே இருக்கு.

2025 பட்ஜெட்ல திருத்தின உடான்னு ஒண்ணு அறிவிச்சாங்க. இன்னும் 120 ஊர், பத்து வருஷத்துல நாலு கோடிப் பயணிகள்னு. சரி. அதுல மூணு வருஷ மானியத்துக்குப் பிறகு என்னங்கிற கேள்விக்கு என்ன பதில்? விமானமே இல்லாத கம்பெனிக்கு மறுபடி ஐம்பது தடம் கொடுப்பாங்களா? இந்த ரெண்டையும் நம்ம ஸ்ரீபெரும்புதூர் எம்.பி.கிட்டயும் திருவள்ளூர் எம்.பி.கிட்டயும் எழுதிக் கேட்கலாம்னு கிளையில முடிவு பண்ணியிருக்கோம். மனு மேசையில இருக்கு. படிச்சுப் பார்த்து, சரின்னு பட்டா கையெழுத்துப் போடுங்க.

பேச்சு முடிஞ்சதும் ஒரு இளந்தோழர் எழுந்து கேட்டார்: “தோழர், நீங்க அந்தச் சேலம் விமானத்துல போனீங்களா?” போனேன், ஒரே ஒரு தடவை. அம்மாவைக் கூட்டிக்கிட்டு. ஜன்னல் ஓர சீட். காமலாபுரம் மேல தாழ்ந்தப்போ அம்மா கண்ணாடியில முகத்தை ஒட்டி வெச்சுக்கிட்டு, எங்க வீட்டுக் கிணறு எதுன்னு தேடிக்கிட்டே வந்தாங்க. கண்டுபிடிக்கிறதுக்குள்ள விமானம் இறங்கிடுச்சு.